மோர்லொக் நீலம்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த ஓய்கன் மோர்லொக், வெளியே போகும்போதெல்லாம் மனைவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவான். முற்றத்தைச் சுற்றிக் குடியிருந்த எல்லாருக்கும் அது தெரியும். ஏன் என்றுதான் தெரியாது. அவரவர் வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்லிக்கொண்டோம்.

ஜெர்மனியில் எங்கள் ஊரான ஃபோர்ட்ஸ்ஹைமில் அன்றைக்குப் பாதி ஊர் தங்கத்தையும் வெள்ளியையும் தொட்டுத்தான் பிழைத்தது. நானும் அப்படித்தான். கணவர் இறந்தபிறகு, லாம்பார்ட்டர் கம்பெனி செய்யும் வெள்ளிப் பர்சுகளுக்கு வீட்டில் உட்கார்ந்து வளையம் கோத்து வலை பின்னிக் கொடுத்தேன். என்ஸ் ஆற்றை ஒட்டிய தெருவில், பின்கட்டில், கீழ்வீடு என்னுடையது. மேல்வீடு மோர்லொக்குடையது.

என் வலைப் பர்சுகள் சாதாரணக் குடும்பத்துப் பெண்களுக்கு. அவன் செய்வது வேறு ரகம். உள்ளங்கையில் அடங்கும் தட்டையான வெள்ளிப் பெட்டி அது. திறந்தால் ஒரு பக்கம் சில்லறை, மறுபக்கம் முகப்பவுடர், நடுவில் கண்ணாடி. நடன விருந்துக்குப் போகும் சீமாட்டிகள் அதைச் சின்னச் சங்கிலியில் கோத்து விரலில் மாட்டிக்கொண்டு போவார்கள். வெள்ளித் தகட்டில் இயந்திரத்தால் மயிரிழைக் கோடுகள் வெட்டி, அதன்மேல் கண்ணாடித் தூளை ஈரமாகப் பரப்பி, உலையில் வைத்துச் சுடுவார்கள். தூள் உருகித் தெளிந்த தண்ணீர் மாதிரி கோடுகள்மேல் படியும். அதுதான் எனாமல். ஓய்கன் சுட்ட நீலத்தில், பர்சைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், அடியில் இருக்கும் வெள்ளிக் கோடுகள் அலையடித்துக்கொண்டு ஓடும். லண்டனிலும் பாரிசிலும் கடைக்காரர்கள் ‘மோர்லொக் நீலம்’ என்று பேர் சொல்லிக் கேட்டார்கள்.

அவ்வளவு பேர் வாங்கினவன் கம்பெனிக் கூடத்தில் மற்றவர்களோடு உட்காரவில்லை. மாடியில் சொந்தமாகச் சின்ன உலை வைத்திருந்தான். கோடு வெட்டின தகடுகளைக் கம்பெனியிலிருந்து எடுத்து வருவான், முடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பான். நல்ல உயரம். பாட்டுச் சங்கத்தில் முதல் குரல் அவனுடையது. வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி, பெரிய மனிதத் தோரணையில் தெருவில் நடப்பான்.

மனைவி ரொசீனா ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கும் ரோஸ்வாக் கிராமத்துத் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில் முற்றத்தில் துணி காயப்போடும்போது பாடுவாள், எதிர்வீட்டுக்காரிகளோடு வம்பளப்பாள், என் அடுப்பு விறகைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போவாள். பிறகு படிப்படியாக வெளியே வருவது நின்றது. முற்றத்துப் பக்கத்து ஜன்னல் சாத்திக் கிடந்தது. வயிற்றில் உண்டான குழந்தை ஒரு தரம் கலைந்தது, மறு தரமும் கலைந்தது. துக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்தோம். அவளுடைய அம்மா இறந்தபோது காலை ரயிலில் போய்ப் புதைத்துவிட்டு, சாயங்கால ரயிலில் திரும்பி வந்தாள். அதற்கப்புறம் நாங்கள் அவளை வெளியே பார்க்கவில்லை.

ரோஸ்வாக் இருக்கும் ஷ்வாப் பகுதிக்காரர்கள் கஞ்சர்கள் என்று எங்கள் ஊரில் பேச்சு. முன்கட்டு வீட்டுக்காரி கிண்டலாகச் சொல்வாள்: “ஷ்வாபுக்காரிதானே. சூடு வெளிய போயிட்டா விறகு தண்டம்னு ஜன்னலைக்கூடத் திறக்க மாட்டா.” மற்றவர்கள் அவனுக்குப் பொறாமை நோய் என்றார்கள். அவள் அழகாகத்தான் இருந்தாள், அதனால் அதை நம்புவது சுலபமாக இருந்தது.

நானும் ஒருநாள் குழாயடியில் அவனைக் கேட்டேன்.

“என்ன ஓய்கன், பொண்டாட்டிய நகைப்பெட்டி மாதிரி பூட்டி வெச்சிட்டுத் திரியற?”

“வெள்ளி இருக்கிற வீடு லீனா. திருடன் வந்தா யாரு பதில் சொல்றது?”

“அப்ப அவளையும் சேர்த்தா தூக்கிட்டுப் போவான்?”

சிரித்தான். இடது கையால் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அவன் வெளியே போன நேரங்களில் என் தலைக்கு மேலே அவள் நடக்கும் சத்தம் கேட்கும். மூலையிலிருந்து மூலைக்கு, கொஞ்சம் நின்று, மறுபடியும் மூலைக்கு. கூண்டில் நடப்பது மாதிரி நடக்கிறாள் பாவம் என்று நினைத்துக்கொண்டு வளையம் கோப்பேன். ஒரு தடவை மனசு கேட்காமல் சூப் எடுத்துக்கொண்டு மேலே போனேன். கதவைத் தட்டினேன். உள்ளே நடை நின்றுவிட்டது. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

“நான்தாண்டி, லீனா. சூப் கொண்டாந்திருக்கேன்.”

ரொம்ப நேரம் கழித்துக் கதவுக்குப் பக்கத்திலிருந்து மெதுவாகக் குரல் வந்தது. “அங்கேயே வெச்சிட்டுப் போங்கக்கா.”

“சாவி எங்க?”

“அவர்கிட்ட.”

“ஏண்டி இதையெல்லாம் பொறுத்துக்கற?”

“ஈஸ்டர் வரைக்கும்தான் அக்கா. அதுக்கப்புறம் சரியாயிடும்.”

என்ன சரியாகும் என்று எனக்கு விளங்கவில்லை. அந்த ஈஸ்டர் வந்தது, போனது. அதற்கடுத்ததும் போனது. மேலே நடை மட்டும் நிற்கவில்லை.

அந்த பிப்ரவரியில் ஆற்று மூடுபனி ஊரைவிட்டு நகரவே இல்லை. எங்கள் அடுப்புப் புகை மேலே போகாமல் கூரையிலேயே படுத்துக்கொண்டது. கண்ணெரிச்சலோடு நான் கதவைத் திறந்துவைத்து வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு காலைநேரத்தில், முதலாளி லாம்பார்ட்டரே முற்றத்துக்குள் வந்தார். கூட ஒரு லண்டன் கடைக்காரர். புகழ்பெற்ற நீலம் எங்கே சுடப்படுகிறது என்று விருந்தாளிக்குக் காட்ட ஆசைப்பட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கூட்டி வந்திருக்கிறார். ஓய்கனோ முடித்த சரக்கை எடுத்துக்கொண்டு அப்போதுதான் கம்பெனிக்குப் போயிருந்தான். இரண்டு பேரும் வழியில் ஒருவரையொருவர் பார்க்காமல் தாண்டியிருக்க வேண்டும்.

அவன் இல்லை என்று சொன்னேன். “பரவாயில்ல, அவங்க வீட்டம்மா இருப்பாங்களே” என்று படியேறிப் போனார். நானும் பின்னாலேயே போனேன். கதவில் வெளிப்பூட்டு தொங்கியது. இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். பதில் இல்லை. வெளிநாட்டுக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு திரும்பினார்.

பாதிப் படி இறங்கியிருப்பார். உள்ளே கனமாக ஏதோ விழுந்தது.

அவர் நின்றார். என்னைப் பார்த்தார். அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குள் சில விஷயங்களை வெளியாளிடம் சொல்வதில்லை. அதுவும் முதலாளியிடம். ஆனால் கதவின் அடியிலிருந்து உலையில் எரிக்கும் கோக் கரியின் மூச்சடைக்கும் வாடை வந்துகொண்டிருந்தது.

“உள்ள ஆள் இருக்கு ஐயா,” என்றேன். “அவதான் இருக்கா. பூட்டிட்டுப் போயிருக்கான்.”

முற்றத்தில் விறகு பிளக்கும் கோடரியை நான்தான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். பூட்டின் பக்கம் நான் கொத்த, லாம்பார்ட்டர் தோளால் முட்டினார். நல்ல பாரியான ஆள். லண்டன்காரர் தன் தொப்பியையும் முதலாளியின் தொப்பியையும் பிடித்துக்கொண்டு படியில் நின்றார். கதவு பெயர்ந்து உள்ளே சாய்ந்தது.

அறை முழுக்க வெப்பமும் கெட்ட வாடையும். ஜன்னல் இடுக்குகளில் கம்பளித் துண்டு அடைத்திருந்தது. உலை முழு வேகத்தில் எரிந்துகொண்டிருந்தது. உலைக்கும் மேசைக்கும் நடுவில் ரொசீனா குப்புற விழுந்து கிடந்தாள். கையில் ஒரு பறவை இறகு, எனாமல் தூளை எடுத்துப் பரப்புவதற்காகச் சீவியது. விரல்கள் நகக்கண் வரை நீலம்.

நான் அவள் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தேன். லாம்பார்ட்டர் உதவுவார் என்று பார்த்தேன். அவர் நேராக உலைக்குப் போய், இடுக்கியை எடுத்து, உள்ளே இருந்த பர்ஸ் மூடியை வெளியே எடுத்தார். கறுத்து, ஓரம் வளைந்துபோயிருந்தது. அதைக் கல்மேல் வைத்துவிட்டுத்தான் அவள் பக்கம் திரும்பினார். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். பழக்கம் அப்படி.

படிக்கட்டுக் காற்றில் கிடத்தி, முகத்தில் தண்ணீர் அடித்து, கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பினேன். கண்ணைத் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: “அதை வெளிய எடுத்தாச்சா?”

மேசைமேல் வரிசையாகத் தகடுகள் இருந்தன. சிலவற்றில் ஒரு பூச்சு, சிலவற்றில் இரண்டு, எல்லாம் ஒரே கை செய்தது. எனக்கே புரிந்தது என்றால் லாம்பார்ட்டருக்குப் புரிய எவ்வளவு நேரமாகும்? அவர் விருந்தாளியை வண்டியேற்றி அனுப்பிவிட்டு, டாக்டருக்கு ஆள் சொல்லிவிட்டு, என் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். ரொசீனாவை அடுத்த அறையில் என் கட்டிலில் போட்டிருந்தேன். கதவு திறந்தே இருந்தது.

தலை பிளக்கிறது என்று முனகிக்கொண்டே அவள் எனக்கு எல்லாம் சொன்னாள். பல வருடமாகவே இறகின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குவது ஓய்கனின் வழக்கம். அந்தக் கண்ணாடித் தூளில் ஈயம் உண்டு. முதலில் வயிற்றுவலி வந்தது. பிறகு வலது மணிக்கட்டு சொன்ன பேச்சு கேட்காமல் போனது. அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டுக் கண்காட்சிக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்திருந்தது. கை தேறும்வரை நீ பரப்பிக் கொடு, ஈஸ்டர் வரைக்கும்தான் என்று கேட்டிருக்கிறான். பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்து அவளுக்கு வேலை தெரியும். செய்தாள். கண்காட்சியில் பேர் கிடைத்தது, ஆர்டர் கூடியது. கை தேறவில்லை. கம்பெனியிலிருந்து யாராவது வந்து பார்த்துவிட்டால்? அதற்காகப் பூட்டு. பூட்டியிருந்தால் வீட்டில் ஆளில்லை என்று திரும்பிப் போவார்கள், அவளும் வேலையை நிறுத்த வேண்டியதில்லை.

“யாராவது தட்டினா அசையாம நிக்கணும்கா. உலையில தகடு இருந்தாலும் நிக்கணும். இன்னிக்கு அப்படி நின்னேன். நிக்க நிக்க தலை சுத்திச்சு.”

நான் தலைக்குமேல் கேட்டுக்கொண்டிருந்த நடை, மேசையிலிருந்து உலைக்குப் போன நடை.

ஓய்கன் திரும்பி வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. பெயர்ந்த கதவை மேலே பார்த்துவிட்டு ஓடிவந்தவன், என் சமையலறையில் முதலாளியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். அவள் உயிரோடு இருக்கிறாளா என்று முதலில் கேட்டான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

“மோர்லொக், கைய வெளிய எடுங்க,” என்றார் லாம்பார்ட்டர்.

எடுத்தான். பையில் வைத்தே பார்த்துப் பழகின அந்தக் கையை நான் அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து கீழே பிழிந்த துணி மாதிரி தொங்கியது. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அடுப்பைக் கிளறினேன்.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஆப்பிள் மது ஒரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, சாவகாசமாகப் பேசினார். கடைக்காரர்களுக்கு ஒரு பேர் பழகிவிட்டால் அதை மாற்றக்கூடாது என்றார். இனி இந்தப் பொந்தில் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம் என்றார்.

“கம்பெனி மாடியில ஒரு தனி ரூம் தர்றேன். நல்ல உலை போட்டுத் தர்றேன். அவங்க அங்க வந்து செய்யட்டும், நீங்க கூட இருங்க. வெளிய பேரு மோர்லொக்தான். அதுல பொய் என்ன இருக்கு, அவங்களும் மோர்லொக்தானே?” தான் சொன்னதை ரசித்துத் தானே சிரித்தார். “மத்தவங்க கண்ணுல மட்டும் பட வேண்டாம். பின்பக்கப் படி வழியா வரட்டும். பூட்டு வேணும்னாலும் நல்ல பூட்டாவே போட்டுக்கலாம்.”

ஓய்கனுக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. “வருவா ஐயா,” என்றான். “திங்கக்கிழமையே வருவா.”

உள்ளே கட்டிலில் படுத்திருந்தவளை ஒருவரும் கேட்கவில்லை. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

லாம்பார்ட்டர் போனபிறகு டாக்டர் வந்தார். வயதான, வெடுக்கென்று பேசும் மனிதர். ரொசீனாவின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஓய்கனையும் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னார். பிறகு என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேருக்கும் ஈறு ஓரத்தில், பல்லை ஒட்டி, ஒரே மாதிரி கருநீலக் கோடு, ஈய விஷம் ஏறினதற்கு அடையாளம். அவள் இறகை வாயில் வைத்ததில்லை. ஆனால் சாத்தின அறையில் அந்தத் தூளுக்கு நடுவில்தான் சாப்பிட்டாள், தூங்கினாள்.

“உன் புருஷன் கையப் பாத்தியாம்மா? இன்னும் கொஞ்ச காலம் போனா உனக்கும் அதேதான். பிள்ளைங்க தங்காம போனதுக்கும் இதுதான் காரணமா இருக்கும். உலைப் பக்கமே போகாதே.” ஓய்கனைப் பார்த்து, “உனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல. நீதான் பாத்துட்டிருக்கியே,” என்றார்.

அவர் போனபிறகு ஓய்கன் கட்டிலோரம் மண்டியிட்டான். அவள் கையை எடுத்துத் தன் நல்ல கையில் வைத்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் இருந்தது. நான் அந்த நிமிடம் அவனுக்காக இரக்கப்பட்டேன். அப்புறம் அவன் வாயைத் திறந்தான்.

“இந்த லண்டன் ஆர்டர் மட்டும் முடியட்டும் ரொசீனா. ஈஸ்டர் வரைக்கும். அதுக்கப்புறம் நிறுத்திடலாம், சத்தியமா.”

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவனைப் பார்த்து, சண்டை போடும் குரலில் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுபவள் மாதிரி கேட்டாள்: “எந்த ஈஸ்டர் ஓய்கன்?”



திங்கட்கிழமை காலை அவன் முன்னதாகக் கம்பெனிக்குப் போனான், புது அறையைப் பார்த்துவர. மாடிக் கதவுக்கு இன்னும் தச்சன் வரவில்லை, அது சுவரில் சாய்ந்து கிடந்தது. ரொசீனா தொப்பி வைத்து, கறுப்புக் கோட்டுப் போட்டு, ஒரு துணிமூட்டையோடு இறங்கி வந்தாள். “ஸ்டேஷன் வரைக்கும் கூட வாங்கக்கா,” என்றாள். “தனியா நடந்து ரொம்ப நாளாச்சு. பயமா இருக்கு.”

முழங்கையைக் கோத்துக்கொண்டு நடந்தோம். சந்தை முனையில் டிராம் வந்தது, அவள் உள்ளே இருந்த காலத்தில் ஊருக்குப் புதிதாக வந்த வண்டி. அவள் சட்டென்று பின்வாங்கி என் கையை இறுக்கினாள். அந்த மணிச்சத்தத்தை வீட்டிலிருந்து கேட்டிருக்கிறாளாம். ஏதோ பள்ளிக்கூட மணி என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். வெளிச்சத்துக்குக் கண் கூசித் தண்ணீர் வழிந்தது அவளுக்கு. எதிரில் வந்தவர்கள் அழுகிறாள் என்று பார்த்துக்கொண்டு போனார்கள். ரயிலில் ஏறினபிறகு, “அவருக்கு என்ன சொல்லட்டும்?” என்று கேட்டேன். யோசித்தாள். “ரோஸ்வாக்ல எங்கக்கா வீட்டுல இருக்கேன்னு சொல்லுங்க. ஒளிஞ்சிக்கல.”

அவன் அன்று சாயங்காலம் என் வாசலில் நின்று என்னைத் திட்டினான். கதவை உடைத்தவள், குடும்பத்தையும் உடைத்துவிட்டாய் என்றான். வாரம் முழுக்க மாடியில் உலை எரிந்தது. இடது கையால் முயன்று பார்த்தான். ஒவ்வொரு முறை ஆறும்போதும் எனாமல் வெடித்துத் தெறிக்கும் சத்தம் கீழே கேட்கும், சின்னதாக, கண்ணாடிக் கோப்பை விரிசல் விடுவது மாதிரி. பிறகு அதுவும் நின்றது.

வேறு வழியில்லாமல் லாம்பார்ட்டர், கம்பெனிக் கூடத்தில் பெண்கள் வரிசையில் வேலை செய்த ஒரு பெண்ணிடம் தகடுகளைக் கொடுத்தார். ஓய்கன் நிறத்தூளைக் கலந்து, அரைத்து, கழுவித் தர வேண்டும். அவள் பரப்பிச் சுட வேண்டும். அவனுக்கு அது பெரிய அவமானம். ஆனாலும் போனான். இரண்டு மாதம் கழித்துக் குழாயடியில் அவனைப் பார்த்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான், நிறுத்தவே இல்லை. என்னோடு அதுவரை பேசாமல் இருந்தவன் அன்று தானாகவே பேசினான்.

“லண்டனுக்கு அனுப்பியாச்சு லீனா. இன்னும் வேணும்னு கேட்டிருக்கான்.”

“நல்லதுதானே.”

“முதலாளி ரெண்டு பர்ஸைப் பக்கத்துல பக்கத்துல வெச்சாரு. ஒண்ணு ரொசீனா செஞ்சது. இன்னொண்ணு அந்தப் பொண்ணு. எது எதுன்னு கேட்டாரு.” தண்ணீர் தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. “எனக்குத் தெரியல. நான் மோர்லொக். எனக்கே தெரியல.”

அப்படியென்றால் யாரும் எப்போதும் கண்டுபிடித்திருக்க முடியாது. முதல் மாதமே அந்தப் பெண்ணிடம் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவன் அதைத்தான் கழுவிக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன்.

ரோஸ்வாக்குக்குப் போக அவனுக்குத் தைரியம் வர இலையுதிர்காலம் ஆனது. தனியாகப் போகமாட்டேன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். ஊருக்குமேலே மலைச்சரிவு முழுக்க கல்லடுக்குகளில் திராட்சை. அறுவடை நேரம். ரொசீனா முதுகில் கூடை மாட்டிக்கொண்டு செங்குத்தான படியில் இறங்கிவந்தாள். வெயிலில் கறுத்து, கன்னம் உப்பி, அடையாளமே தெரியவில்லை. எங்களைப் பார்த்துக் கூடையை இறக்கினாள். என்னைக் கட்டிக்கொண்டாள். அவனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அவளுடைய அக்கா பார்பரா இடுப்பில் கைவைத்து நின்றாள். “வந்துட்டாருய்யா பாடகரு. சாவிக்கொத்து கொண்டாந்தியா?”

ஓய்கன் அந்த ஏச்சைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான். பிறகு ரொசீனாவிடம், வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்ததை விட்டுவிட்டு, அந்த இரண்டு பர்சுகளின் கதையைச் சொன்னான். தனக்கே அடையாளம் தெரியவில்லை என்பதையும் சொன்னான். ஏன் அதைச் சொன்னான் என்று எனக்குப் பலநாள் யோசனை. மறைத்திருக்கலாம். மறைத்துப் பழகின மனிதன்தானே.

அவள் முதலில் சிரித்தாள். நல்ல வேடிக்கையைக் கேட்டவள் மாதிரி, பக்கத்து அடுக்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“அப்ப நான் எதுக்கு உள்ள இருந்தேன்?”

“தெரியல.”

“எங்கம்மா செத்தப்ப ஒரு ராத்திரி இங்க தங்கவிடல நீ.”

“ஆமா.”

“எதுக்கு?”

“தெரியல ரொசீனா.”

அவள் அவனை அறைவாள் என்று நினைத்தேன். கூடையை மாட்டிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டாள். அவன் அங்கேயே நின்றான். பிறகு கீழே கிடந்த ஒரு கத்தரியை இடது கையில் எடுத்து, பக்கத்து வரிசையில் குலைகளை வெட்ட ஆரம்பித்தான். ஒன்றை வெட்ட மூன்றை நசுக்கினான். பார்பரா அவனைப் பார்த்துக் கத்தினாள். நிறுத்தவில்லை. இருட்டுவதற்குள் ஒரு வரிசை முடித்தான்.

சாப்பாட்டுக்கு வெங்காயப் பணியாரமும் புது மதுவும் இருந்தன. ரொசீனா அவனிடம் தான் திரும்ப வரப்போவதில்லை என்றாள். நகரத்தில் எங்கேயும் வீடெடுக்க வேண்டாம், தேடவும் வேண்டாம். அவன் சரி என்றான். அடுத்த சனிக்கிழமை வரலாமா என்று கேட்டான். வேலை இருக்கிறது, வா என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அப்படியே இரண்டு வருடம் போனது. வாரநாளில் கம்பெனியில் தூள் அரைப்பான், சனிக்கிழமை ரயிலேறுவான். முதல் குளிர்காலம் முழுக்க மாட்டுக்கொட்டில் மேலே வைக்கோலில்தான் படுக்கவிட்டாளாம். அதற்கப்புறம் எப்போது வீட்டுக்குள் விட்டாள் என்று நான் கேட்கவில்லை. டாக்டரிடம் போய் வாயைக் காட்டினாள், கோடு மங்கிவிட்டது. 1914-ல் பெரிய போர் தொடங்கின கோடையில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தங்கியது.

எங்கள் ஊர்க் கம்பெனிகளெல்லாம் பர்சை நிறுத்திவிட்டுக் குண்டுக்கு வேண்டிய சாமான் செய்ய ஆரம்பித்தன. எனக்கும் வலை பின்னும் வேலை போனது. திராட்சை வேலைக்கு ஆண்கள் இல்லாததால் நானும் ரோஸ்வாக்குக்கு வந்து சேர்ந்தேன். ஓய்கனைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டார்கள். வைஹிங்கன் ஊரில் ஆள் எடுக்கும் இடத்துக்குப் போய்விட்டு அன்று மாலையே திரும்பி வந்தான். அந்தக் கையால் துப்பாக்கி பிடிக்க முடியாது என்று விட்டுவிட்டார்கள்.

மேசையைச் சுற்றி எல்லாரும் இருந்தோம். பார்பராவின் இரண்டு மகன்களும் அதற்குள் போருக்குப் போயிருந்தார்கள். “அந்தக் கைக்கு ஒரு மாலை போடணும்,” என்றாள் பார்பரா, கிண்டலா கோபமா என்று சொல்ல முடியாத குரலில். ஓய்கன் ரொட்டியைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றைக் கையால் வெட்டப் பார்த்தான். அது மேசையில் வழுக்கி வழுக்கிப் போனது. ரொசீனா குழந்தையை என்னிடம் கொடுத்தாள். ரொட்டியை மார்போடு அணைத்துப் பிடித்து, தடிமனாக ஒரு துண்டு வெட்டி அவன் தட்டில் வைத்தாள். பிறகு தனக்கும் ஒன்று வெட்டிக்கொண்டாள்.